ஐஸ் விழாத பிரிட்ஜும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியும்

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாடிக்குடியிருப்புகள் நெருக்கமாக நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீடுவாசலை விட்டுவந்த முதியவர்கள் பலர் அங்கே தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவில் அல்லது லண்டனில். அவர்கள் வந்து நின்ற நாட்களில் வாங்கி வைத்துவிட்டுப் போன பொருட்களில் ஒன்று, தானாகவே ஐஸ் போடும் இரட்டைக்கதவு பிரிட்ஜ்.

என் பெரியம்மா வீட்டிலும் அப்படியொன்று நிற்கிறது. அது ஐஸ் போடாமல் விட்டது. "தம்பி, நான் குளிரைக் கூட்டி விட்டனான், எண்டாலும் ஐஸ் விழேல்லை" என்றார். ஐஸ் விழாததைவிட அந்தக் கூட்டிவிட்ட குளிர்தான் என்னைப் பயப்படுத்தியது. அவரது இன்சுலின் மேல்தட்டில் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பல பிரிட்ஜ்களில் உறைபெட்டியின் குளிர்காற்றுத்தான் கீழ்த்தட்டுகளுக்கும் போகிறது. குளிரைக் கூட்டினால் காற்று வரும் துவாரத்துக்கு அருகில் இருப்பவை உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின்னர் பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் அதை நம்பிப் போடக்கூடாது, எறிந்துவிட வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பின்சுவரிலிருந்து தள்ளி, நடுத்தட்டில் வையுங்கள். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் போத்தலைக் காத்தவர் பெரியம்மா. வெப்பம் அதைக் கெடுக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி ஐசுக்கு வருவோம். பின்னாலுள்ள மெல்லிய குழாயால் தண்ணீர் வருகிறது. மின்சாரத்தில் இயங்கும் சிறிய வால்வு சில விநாடிகள் திறந்து, அச்சை நிரப்பி, மூடிக்கொள்கிறது. தண்ணீர் உறைந்ததை உணரி அறிந்ததும் மோட்டார் சுழன்று கட்டிகளைப் பெட்டிக்குள் தள்ளுகிறது. பெட்டி நிரம்பினால் ஒரு கம்பி மேலே தூக்கப்பட்டு வேலையை நிறுத்தும்.

அந்தக் கம்பியை முதலில் பாருங்கள். துப்புரவு செய்யும்போது கை பட்டு மேலே போயிருக்கும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு இன்னொன்றும் நடக்கும்: உருகிய ஐஸ் மீண்டும் ஒரே பாறையாக உறைந்து கம்பியைத் தாங்கிப் பிடிக்கும், இயந்திரமோ பெட்டி நிரம்பிவிட்டதென்று நினைத்துச் சும்மா இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தைக் கடந்தவர்களுக்கு அந்தப் பாறை புதிதல்ல. பெட்டியைக் கழற்றி உருகவிட்டுக் கழுவினால் போதும். உறைபெட்டி மைனஸ் 18 பாகைக்கு வரவேண்டும். முதல் ஐசுக்கு ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டில் கம்பி சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் வடிகட்டி மாற்றி இரண்டு வருடமாகியிருந்தது. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அதையும் மாற்றினோம். அப்போதும் ஐஸ் இல்லை.

காரணம் மொட்டைமாடியில் இருந்தது. இங்கு பெரும்பாலான கட்டடங்களில் குழாய்நீரை நிலத்தொட்டியில் சேர்த்து, மோட்டாரால் மேல்தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து இறக்குகிறார்கள். பத்து மீற்றர் உயரத் தண்ணீர் தருவது ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். பெரியம்மா இருப்பது மேல்மாடியில், தாங்கிக்கு மூன்று மீற்றர் கீழே. கிடைப்பது 0.3 பார். பல பிரிட்ஜ்கள் 1.4 பார் அளவில் கேட்கின்றன. உங்களுடையது எவ்வளவு கேட்கிறது என்பது கையேட்டில் இருக்கும். இதே பிரிட்ஜ் ஐந்து மாடி கீழே நின்றிருந்தால் பிரச்சினையே வந்திராது. அழுத்தம் குறைந்தால் வால்வு இறுக மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். அந்தச் சொட்டுக்கள் உள்குழாயிலேயே உறைந்து வழியை அடைத்துவிடும். வாங்கிய புதிதில் கொஞ்சக்காலம் வேலைசெய்து பின்னர் நின்றுபோவது இதனால்தான்.

பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவிட்டு, கீழே துணி போட்டு, அடைப்பைத் தானாக உருகவிடுங்கள். கத்தியால் குத்தவே கூடாது. புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் குளிர்வாயு ஐசோபியூட்டேன், அது தீப்பற்றக்கூடியது. பிறகு அந்தக் குழாய்க்கு மட்டும் ஒரு சிறிய அழுத்தப் பம்பு பூட்டினால் ஐஸ் விழும். வால்வோ மோட்டாரோ எரிந்திருந்தால் அது திருத்துநரின் வேலை.

கனடாவிலிருந்து பெட்டியில் ஏற்றி அனுப்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: அங்குள்ளவை 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், இங்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹேர்ட்சை மாற்றாது. அந்தப் பணத்துக்கு இங்கேயே வாங்கிக் கொடுங்கள்.

பம்பின் விலையைக் கேட்டதும் பெரியம்மா சிரித்தார். "ஆருக்கடா இவ்வளவு ஐஸ்?" குளிரைப் பழையபடி குறைத்துவிட்டு, உறைந்திருக்கக்கூடிய இரண்டு போத்தல்களையும் எறிந்துவிட்டு, புதியது வாங்கி நடுத்தட்டில் வைத்தோம். ஐசுக்கு இப்போது ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது.