மனச்சிதைவு நோயாளியின் குடும்பமும் போதகப் பணியும்

இராசிபுரத்துத் தறி வீட்டிலாயினும், நாமக்கல்லைச் சூழ்ந்த கோழிப் பண்ணைகளிலாயினும், வாலிப மகன் ஒருவன் தனக்குத்தானே பேசவும், யாரோ தன்னைத் தூற்றும் குரல் கேட்பதாகக் கூறவும் தொடங்கினால், குடும்பத்தார் முதலில் மருத்துவரை நாடுவது அரிது. சிலர் காவிரிக் கரையிலுள்ள குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவர். நம் சபையாரோ போதகரை ஜெபத்திற்கு அழைப்பர். ஆகவே, ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயில் குடும்பத்திற்குள்ள இடம் யாதென நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

குடும்பமே இந்நோயை உண்டாக்குகிறது என்னும் கருத்து மேனாட்டில் ஒருகாலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் தாயின் போக்கைக் காரணமாகச் சுட்டினார். 1956-இல் கிரகரி பேட்சன் குழுவினர் வீட்டில் நிலவும் முரண்பட்ட பேச்சு முறையைச் சுட்டினர். இவை ஆய்வில் நிலைபெறவில்லை. பரம்பரைக் கூறுகளுக்கும் மூளையின் செயற்பாட்டிற்கும் இந்நோயில் பெரும் பங்குண்டென இன்று அறிகிறோம். யார் செய்த பாவம் இது என்று கேட்கும் நம் ஊர் வழக்கமும் அப்பழைய கொள்கையினின்று வெகு தூரத்தில் இல்லை.

எனினும் நோய் மீண்டும் தலைதூக்குவதில் வீட்டுச் சூழலுக்குப் பங்குண்டு. மருத்துவமனையினின்று வீடு திரும்பியோரை லண்டனில் ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும், அவர் வழியில் 1976-இல் வானும் லெஃபும், ஓயாத குறைகூறல், வெறுப்பு, மட்டுமீறிய ஈடுபாடு ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீளுதல் அதிகமெனக் கண்டனர். 1987-இல் வெளியான சண்டிகர் ஆய்வு நமக்கு ஆறுதல் தருவது: அத்தகைய குடும்பங்கள் லண்டனில் ஏறத்தாழப் பாதி, சண்டிகரிலோ நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு.

குடும்ப சிகிச்சை இக்கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது. அது குற்றவாளியைத் தேடும் விசாரணையன்று, மருந்துக்கு மாற்றுமன்று. பகலெல்லாம் படுத்திருக்கும் மகனைத் தகப்பனார் சோம்பேறி என்று ஏசுகிறார். ஊக்கமின்மை நோயின் கூறே என்று விளங்கும்போது ஏச்சு தணிகிறது. தாய் இருபத்தைந்து வயது மகனுக்குச் சோறு ஊட்டுகிறார்; அவனே தட்டைக் கழுவி வைக்கட்டும், பின்னர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும் என்று சிறு சிறு வேலைகளாகப் பிரித்துத் தரக் கற்பிக்கின்றனர். உறக்கம் குறைதல், சந்தேகம் மிகுதல் போன்ற முன்னறிகுறிகளைக் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லவும் பழக்குகின்றனர்.

நம் நாடு இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1950-களிலேயே அமிர்தசரஸில் வித்யா சாகர் நோயாளியின் உறவினரைக் கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் நடத்தும் மனநல மையத்தில், குடும்பத்தார் ஒருவர் நோயாளியுடன் தங்கியிருப்பது சிகிச்சையின் அங்கமாகவே அமைந்தது. தொடர்ந்து மருந்து பெற வேலூர்வரை செல்ல வேண்டுவதில்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவமனைகளை அணுகலாம்.

போதகருக்கு மிகக் கடினமான வேளை திருமணப் பேச்சில் வருகிறது. ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெற்றோர் நோயை மறைத்து ஓலை கூற வேண்டுவர். திருமணம் மருந்தன்று. பெண் வீட்டாருக்கு உண்மை தெரியாத திருமணத்தை நாம் நடத்திவைக்கலாகாது என்பதே எம் துணிபு. அதுபோலவே, ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் நமக்கில்லை.

கல்லறைகளில் சங்கிலிகளால் கட்டப்பட்டிருந்தவனைப் பற்றிய மாற்கு 5-ஆம் அதிகாரத்தைப் பேயோட்டுதலுக்கே பிரசங்கிக்கிறோம். குணமானவனை ஆண்டவர் அவன் வீட்டாரிடமே அனுப்பியதைக் கடந்துவிடுகிறோம். 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் தீப்பற்றியபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றிலும் தடுக்கிறது. ஆனால் கட்டி வைக்கும் தாய் பெரும்பாலும் தனியே இரவெல்லாம் விழித்துச் சோர்ந்தவள். வாரத்தில் ஒரு பிற்பகல் சபையார் இருவர் அவ்வீட்டுத் திண்ணையில் அவனோடு அமர்ந்திருந்தால், அவள் சற்றுக் கண்ணயரவோ சந்தைக்குப் போய்வரவோ இயலும்.