"படம் சூப்பர்" என்றால் போதுமா?



தையல், ஊறுகாய், அழகுக்கலை என்று பல தொழில்களில் இறங்கிய நம் உறுப்பினர்களில் சிலர் இப்போது கேமராவையும் கையில் எடுத்திருக்கிறார்கள். வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா என்றால் "பொம்பளைப் பிள்ளையே வந்து எடுத்தா நல்லா இருக்கும்" என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. பயிற்சி முடித்தாயிற்று, குழுவில் கடன் வாங்கி கேமராவும் வாங்கியாயிற்று. முதல் இரண்டு மூன்று ஆர்டர் சொந்தக்காரர் வீட்டில் கிடைக்கிறது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

ஏன் இப்படி? படத்தில் எங்கே குறை என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை. வீட்டில் காட்டினால் "சூப்பர்" என்பார்கள். பிடிக்காத வாடிக்கையாளரோ ஒன்றும் சொல்லாமல் அடுத்த விசேஷத்துக்கு வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்.

தனி வழிகாட்டல் என்றால் என்ன?

பயிற்சி வகுப்பில் 30 பேருக்கும் ஒரே பாடம். தனி வழிகாட்டலில் அனுபவம் உள்ள ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எடுத்த படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார். தையல் டீச்சர் நாம் தைத்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து "அக்குள்ல இழுக்குது, பிரிச்சுத் தை" என்பார் இல்லையா, அதே மாதிரிதான். பழைய ஸ்டுடியோக்காரர்கள் பலரும் இப்படி ஒருவரிடம் கூடவே இருந்து தொழில் கற்றவர்கள்தான்.

சாம்பிள் ஆல்பம் தயார் செய்யுங்கள்

1. 20 படம் போதும். 200 படத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது.
2. ஒரே காட்சியில் ஐந்து படம் வேண்டாம். அதில் சிறந்த ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். இந்தத் தேர்வே பாதிப் பயிற்சி.
3. 10 படமாவது ஒரே விசேஷத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாக இருக்கட்டும்.
4. உங்களுக்கே சந்தேகம் உள்ள இரண்டு மூன்று படங்களையும் சேருங்கள்.
5. முடிந்தால் 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு மேசையில் பரப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும்.

என்ன கேட்க வேண்டும்?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: "இதில் முதலில் எந்தப் படத்தை எடுத்துப் போடுவீங்க, ஏன்?" "இந்த இடத்தில் நீங்க எங்கே நின்றிருப்பீங்க?" "காசு கொடுக்கிறவர் நீங்கன்னா எந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவீங்க?"

ஓர் உறுப்பினர் தன் முதல் கல்யாண ஆர்டர் படங்களை, பல வருட அனுபவம் உள்ள ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் காட்டினார். 20-ல் 8 படத்தை அவர் ஒதுக்கி வைத்தார். தாலி கட்டும் படத்தில் சொந்தக்காரர்களின் முதுகுதான் தெரிந்தது. "கெட்டிமேளம் கேட்ட பிறகு ஓடினா முதுகுதான் கிடைக்கும். ஐயர் தாலித் தட்டைச் சுற்றி அனுப்பும்போதே மேடையில் இடம் பிடிச்சிடும்மா" என்றார். மணப்பெண்ணுக்குப் பின்னால் பெரிய விளக்கு இருந்ததால் முகம் கறுத்திருந்தது. பின்னால் வெளிச்சம் அதிகமானால் கேமரா தானாக ஒளியைக் குறைத்துவிடும், அதனால் ப்ளஸ் பக்கம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாஷ் போட வேண்டும் என்று செய்து காட்டினார். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளையாக வெளுத்திருந்தது. அப்படி வெளுத்துப் போனால் கம்ப்யூட்டரிலும் மீட்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

கேட்கும்போது அந்த அக்காவுக்கு முகம் வாடித்தான் போனது. ஆனாலும் மூன்று விஷயத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த விசேஷத்தில் அந்த மூன்றை மட்டும் கவனித்தார். ஒரு மாதம் கழித்துப் புதிதாக 20 படத்தோடு அதே ஆளிடம் போனார். இந்த இரண்டாவது சந்திப்புதான் முக்கியம். சொன்னது படத்தில் வந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பெயர் நம்முடையதாக இருக்கட்டும்

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுபவர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். பிறகு தன் கணவரான மானெக்‌ஷாவிடம்தான் கேமராவைக் கற்றார். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அவரே பின்னாளில் நாடு விடுதலை பெற்ற நாட்களைப் படம்பிடித்தார். 2011-ல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். கற்றுக்கொள்ள ஒருவர் துணை வேண்டும், ஆனால் நம் உழைப்பு நம் பெயரில் வெளிவர வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவருக்கே போகும். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே "என் சாம்பிள் ஆல்பத்தில் சில படம் வைத்துக்கொள்வேன்" என்று எழுதி வாங்குங்கள். சிறுமிகளின் படம் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்ட வேண்டாம்.

இவற்றையும் மறக்க வேண்டாம்

* பகல் நேரத்தில், கூட்டமைப்பு அலுவலகம் போன்ற பொது இடத்தில் சந்தியுங்கள். இன்னொரு உறுப்பினரைக் கூட்டிப் போங்கள்.
* பணம் கேட்டால் எத்தனை சந்திப்பு, எவ்வளவு நேரம் என்று முதலிலேயே பேசுங்கள், ரசீது வாங்குங்கள்.
* ஒரிஜினல் படம் உள்ள மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.
* "இந்தப் படத்தில் வெளிச்சம் சரியில்லை" என்பது கருத்து. "உனக்கெல்லாம் இது வராது" என்பது கருத்தல்ல. பேச்சு படத்தை விட்டு உங்கள் மேல் திரும்பினால் எழுந்து வந்துவிடுங்கள், கூட்டமைப்பில் சொல்லுங்கள்.

கேமரா வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாக் குழுவிலும் இருக்க மாட்டார்கள். நாலைந்து குழு சேர்ந்து அனுபவம் உள்ள ஒருவரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். ஆளுக்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்கினால் போதும். உங்கள் குழுவில் இப்படி யாராவது இருந்தால் அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள். கேமரா வாங்கக் கடன் கொடுத்த குழு, அந்தக் கேமரா சம்பாதிக்கவும் துணை நிற்க வேண்டாமா?