சிக்கனம் எவருக்கான அறிவுரை? விலைவாசி உயர்வும் தரப்படாத அகவிலைப்படியும்

விலைவாசி உயரும் ஒவ்வொரு முறையும் நாளிதழ் இணைப்புகளிலும் யூடியூப் அலைவரிசைகளிலும் சிக்கனப் பட்டியல்கள் வரிசைகட்டி வருகின்றன. உணவகத்திற்குச் செல்வதைக் குறையுங்கள், ஓடிடி சந்தாவை நிறுத்துங்கள், மளிகையை மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்குங்கள், மிச்சப் பணத்தை எஸ்ஐபியில் போடுங்கள் என்பவையே அவற்றின் சாரம். மொத்தமாக வாங்க மாதத் தொடக்கத்தில் மொத்தமாகப் பணம் வேண்டும் என்பதுகூட அவற்றை எழுதுவோருக்குத் தோன்றுவதில்லை. வாரக்கூலியில் வாழும் வீடு கால் லிட்டர் எண்ணெயையும் நூறு கிராம் புளியையும் வாங்குகிறது. சில்லறையாக வாங்குவதாலேயே அதே பொருளுக்கு அவ்வீடு கூடுதல் விலை கொடுக்கிறது.

கடந்த ஆண்டு ஒரு நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்காகக் கூலிக் கோரிக்கை ஒன்றைத் தயாரித்தபோது, பெண் பணியாளர் ஒருவர் தம் வீட்டின் வரவு செலவு நோட்டை எங்களிடம் கொடுத்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகள் எழுதிவந்த நோட்டு அது. செலவுப் பக்கத்தில் எது எப்போது நின்றது என்பதைத் தேதியோடு காண முடிந்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமை மீன் இரு வாரங்களுக்கு ஒருமுறையாயிற்று. பிறகு பால் நின்று கடுங்காப்பி வந்தது. இரத்த அழுத்த மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. எரிவாயு உருளை மூன்று மாதம் ஓடியது. மகளின் நகலெடுக்கும் செலவு சுழியம் என்று பதிவாகியிருந்தது. இத்தனைக்கும் அக்குடும்பம் இலவச ரேஷன் அரிசியையும், 30 ரூபாய்த் துவரம் பருப்பையும், 25 ரூபாய்ப் பாமாயிலையும் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில்தான் பயணம். குறைக்கக்கூடியவை அனைத்தும் முன்பே குறைக்கப்பட்டுவிட்டன.

எங்களை நிறுத்திவைத்தது வரவுப் பக்கம். இருபத்தாறு மாதங்களாக அங்கே ஒரே எண் இருந்தது. இடையில் இரண்டு ஏப்ரல் மாதங்கள் கடந்து சென்றிருந்தன. ஏப்ரல் ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் விளக்குகிறோம்.

அதற்கு முன் எரிவாயு உருளை பற்றி ஒரு சொல். 2023 மார்ச்சில் சென்னையில் வீட்டு உபயோக உருளையின் விலை 1,100 ரூபாயைத் தாண்டியது. பின்னர் குறைக்கப்பட்டாலும் விறகுக்குத் திரும்பிய அடுப்புகள் பல திரும்பியபடியே உள்ளன. பொருளியல் பாடநூல் இதனை மாற்று எரிபொருளுக்கு நகர்தல் என்று கூறும். சேரியைப் பொறுத்தவரை விறகு பொறுக்கும் இடம் பெரும்பாலும் வேறொருவரின் வரப்பு, வேறொருவரின் தோப்பு. அங்கு நுழையும் பெண் வசைச்சொல்லையும் சாதிப்பெயரையும், சில வேளைகளில் கைவைப்பையும் எதிர்கொண்டே சுள்ளியைத் தூக்கி வருகிறாள். கடைக்காரரிடம் கடன் சொல்வதும் அவ்வாறே. கடன் தருபவர் ஊர்த்தெருவைச் சேர்ந்தவரெனில், அடுத்த திருவிழாவின்போதோ அடுத்த உள்ளாட்சித் தேர்தலின்போதோ அக்கடன் நினைவூட்டப்படும். ஒரு வீடு செலவைக் குறைக்கும்போது எவரைச் சார்ந்திருக்க நேரிடுகிறது என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

இப்போது ஏப்ரலுக்கு வருவோம். குறைந்தபட்சக் கூலி என்பது ஒரே தொகை அல்ல. அடிப்படைக் கூலி ஒரு பகுதி. தொழிற்சங்கங்களின் பழைய வழக்கில் பஞ்சப்படி எனப்படும் அகவிலைப்படி மறு பகுதி. தமிழ்நாட்டு அரசின் குறைந்தபட்சக் கூலி ஆணைகள் அகவிலைப்படியைச் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணுடன் பிணைத்துள்ளன. முந்தைய ஆண்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரிக் குறியீடு எடுக்கப்படும். ஆணையில் குறிக்கப்பட்ட புள்ளிக்கு மேல் உயர்ந்த ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை ரூபாய் எனக் கணக்கிட்டு, ஏப்ரல் 1 முதல் கூலியுடன் சேர்க்க வேண்டும். தொழிலாளர் கேட்க வேண்டியதில்லை, மனு எழுத வேண்டியதில்லை. உள்ளாட்சி அமைப்புகளின் வேலை 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் தொடக்கம் முதலே இடம்பெற்ற ஒன்று. அவ்வாறெனில் இருபத்தாறு மாதங்கள் ஒரே எண் எழுதப்பட்டதன் பொருள், விலை உயர்வின் சுமையை ஒப்பந்ததாரர் தம் கணக்கிலிருந்து அப்பெண்ணின் அடுப்புக்கு மாற்றிவிட்டார் என்பதே.

இம்முறையிலும் குறைகள் உண்டு. கடந்த ஆண்டின் சராசரியைக் கொண்டு இவ்வாண்டின் படி கணக்கிடப்படுவதால் கூலி எப்போதும் விலைக்குப் பின்னாலேயே நடக்கிறது. மேலும் சராசரிக் குறியீடு ஏழை வீட்டின் குறியீடு அன்று. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை நகர்ப்புறத்தில் 36.29 விழுக்காடு, ஊரகத்தில் 54.18 விழுக்காடு. வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் வீட்டில், தக்காளியும் பருப்பும் ஏறும்போது உண்மையான பணவீக்கம் அறிவிக்கப்படும் எண்ணைவிட அதிகம். நூறுநாள் வேலைக்கான கூலியை உயர்த்தப் பயன்பட்ட வேளாண் தொழிலாளர் குறியீட்டின் நிலை இன்னும் விந்தையானது. 1986-87ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அத்தொடர் 2025 வரை நீடித்தது. கைபேசிக் கட்டணத்தையும் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக் கட்டணத்தையும் அறியாத காலத்தின் வாழ்க்கையைக் கொண்டு இக்காலத்தின் கூலி அளக்கப்பட்டது.

எனினும், சட்டம் குறைந்தபட்சம் என்று எதைக் கருதுகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஓர் உழைப்பாளியின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவற்றின் அடிப்படையில் கூலியைக் கணக்கிட வேண்டும் என்றது. 1991இல் ரெப்டாகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழாக்கள் உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமைக்கும் திருமணத்திற்குமான சேமிப்பு ஆகியவற்றுக்கு மொத்தக் குறைந்தபட்சக் கூலியில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதே அது. சிக்கனப் பட்டியல்கள் முதலில் வெட்டச் சொல்லும் இனங்கள் குறைந்தபட்சக் கூலியின் உட்கூறுகள் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே கூறியுள்ளது. மகளின் நகலெடுக்கும் செலவும் தாயின் மாத்திரையும் அந்த 25 விழுக்காட்டிற்குள்தான் வருகின்றன.

இச்சிந்தனைக்கு நம்மிடையே நீண்ட மரபு உண்டு. 1923இல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் குறித்த நூலில் அண்ணல் அம்பேத்கர், மதிப்புக் குறைந்த ரூபாயால் ஏற்றுமதியாளர் அடைந்த ஆதாயம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை, ஆகவே அந்த ஆதாயம் உழைப்பாளியிடமிருந்து எடுக்கப்பட்டது என்பது அவருடைய வாதம். 1946இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தவரும் அவரே. அரசியலமைப்பின் சிற்பியாக மட்டும் அவரை நினைவுகூரும் விழாக்களில் இந்தப் பக்கம் ஏனோ பேசப்படுவதில்லை. கூலியை உயர்த்திக் கேட்டதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதற்கு 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்கள் சான்று.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஊதியம் தருவதை 1982இல் உச்ச நீதிமன்றம் கட்டாய உழைப்பு என்றே வகைப்படுத்தியது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பாக மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் தொடுத்த வழக்கு அது. பசியும் வறுமையும் ஒருவரைக் குறைந்த கூலிக்கு இசையச் செய்யுமானால், அதுவும் அரசியலமைப்பின் 23ஆவது உறுப்பு தடைசெய்யும் வற்புறுத்தலே என்று நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினரைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு குற்றமாக்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். காவல் நிலையங்கள் இதனை எளிதில் ஏற்பதில்லை. கூலித் தகராறு என்று எழுதித் தொழிலாளர் அலுவலகத்திற்கு அனுப்பிவிடுகின்றன.

தொழிலாளர் அலுவலகத்தில் என்ன செய்யலாம்? பழைய சட்டத்தில் கோரிக்கை மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ள 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு அதனை மூன்று ஆண்டுகளாக்கியுள்ளது. நிலுவையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கூலி கொடுக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் சுமை முதலாளியுடையது. உத்தரவிட்ட தொகையைத் தராவிட்டால் நிலவரி நிலுவைபோல் வசூலிக்கலாம். இத்தொகுப்பைத் தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று எங்களைப் போன்றோரை நேரடியாகத் தொடுகிறது: எழுத்துமூல அதிகாரம் பெற்ற வழக்கறிஞரும் மனுச் செய்யலாம் என்று பழைய சட்டம் கூறியது. புதிய தொகுப்பில் தொழிலாளர், அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கம், ஆய்வாளர் ஆகிய மூவரே மனுச் செய்ய முடியும். ஆகவே சங்கத்தில் சேர்வது இப்போது மனுவுக்கான வழியும் ஆகிவிட்டது. ஒப்பந்ததாரர் ஓடிவிட்டால் நகராட்சி கைகழுவ முடியாது. முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் அதுவும் பொறுப்பு.

கூலிச்சீட்டு இல்லையே என்பது வழக்கமான கேள்வி. வங்கிக் கணக்கின் பதிவு, வருகையைப் பதியும் கைபேசிச் செயலியின் படப்பிடிப்பு, மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் செய்தி, இந்த மகளுடையதைப் போன்ற நோட்டு ஆகியவை அனைத்தும் சான்றுகளே. இஎஸ்ஐ பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் அது செலுத்தப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். தொழிலாளரின் கூலியில் 0.75 விழுக்காடு பிடிக்கப்பட்டு முதலாளி தம் 3.25 விழுக்காட்டுடன் சேர்த்துச் செலுத்தியிருந்தால் அந்த இரத்த அழுத்த மாத்திரை இலவசமாகக் கிடைத்திருக்கும்.

இதே தேக்கம் மாணவர்களின் கணக்கிலும் உண்டு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கான பெற்றோர் வருமான உச்சவரம்பு 2013இல் 2.5 லட்சம் ரூபாயாக்கப்பட்டது. 2021இல் திட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டபோதும் அது அப்படியே விடப்பட்டது. விலைக்கேற்பக் கூலி பெயரளவில் உயர்ந்தால்கூட, வாங்கும் சக்தி சிறிதும் கூடாமல் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். தாய்க்கு அகவிலைப்படி கிடைத்தால் மகளுக்கு உதவித்தொகை போய்விடுமோ என்று அஞ்சுவோரை நாங்கள் சந்திக்கிறோம். வீட்டிலிருந்து சென்றுவரும் இளங்கலை மாணவருக்கு அத்திட்டம் தரும் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், மாதம் 250. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவர்க்கான உணவுக் கட்டணம் 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் 50 ரூபாய். இவற்றில் எதுவும் குறியீட்டு எண்ணுடன் பிணைக்கப்படவில்லை. ஓர் அரசாணை வரும்வரை அவை நிற்கும், விலை நிற்பதில்லை. அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கு ஆண்டுக்கு இருமுறை திருத்தம் உண்டு என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், கோரிக்கை எதுவாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

குறைக்க ஒன்றும் மிஞ்சாதபோது வருவது கடன். நுண்கடன் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. வருமானத்தைக் கூட்டி எழுதினால் அந்த விதி நிறைவேறிவிடுகிறது. குழுக்கடன் முடிந்தபின் செங்கல் சூளை முன்பணம். முன்பணத்திற்கு ஈடாகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அக்கடனைத் திருப்பித்தரும் கடமையே சட்டத்தில் இல்லை. இதனைச் சூளைக்குப் போன பிறகு அறிவதைவிட நோட்டின் வரவுப் பக்கம் அசையாமல் நிற்கும்போதே அறிவது பயன் தரும்.

அந்தத் தூய்மைப் பணியாளர்களின் மனு இன்னும் விசாரணையில் உள்ளது. ஊதியப் பதிவேட்டைத் தாக்கல் செய்ய எதிர்த்தரப்பு இருமுறை அவகாசம் பெற்றுள்ளது. மகளின் நோட்டில், செலவுப் பக்கத்தில் ஒரு புதிய இனம் சேர்ந்திருக்கிறது: தொழிலாளர் அலுவலகம் சென்ற நாள், ஒருநாள் கூலி இழப்பு.