சுட மறுத்த இரும்பு ராட்சதன்

வசூலில் தோற்ற படம். மனதில் நின்ற கதை

ஒரு துப்பாக்கிக்கு உயிர் வருகிறது. அதற்கு மனமும் இருக்கிறது. "இனி நான் சுடமாட்டேன்" என்று அது சொல்கிறது. அப்படி நடந்தால் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியிலிருந்து ஒரு சினிமாப் படம் பிறந்தது. படத்தின் பெயர் "அயன் ஜயன்ட்". "இரும்பு ராட்சதன்" என்று அர்த்தம். 1999-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது.

இது கார்ட்டூன் படம். அதாவது, நடிகர்களை நிறுத்திப் பிடித்த படம் அல்ல. ஓவியர்கள் ஆயிரக்கணக்கான சித்திரங்களை வரைந்து, அவற்றை ஓடவிட்டு உண்டாக்கிய படம்.

தியேட்டருக்கு வந்தபோது இதைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை. ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஏன்?

கதையைக் கேளுங்கள்.

வானத்திலிருந்து விழுந்தவன்

கதை நடப்பது 1957-ம் ஆண்டில். அந்த ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ரஷியா "ஸ்புட்னிக்" என்ற செயற்கைச் சந்திரனை வானத்தில் பறக்கவிட்டது. உலகின் முதல் செயற்கைச் சந்திரன் அதுதான். அதன் எடை 83 கிலோ.

அமெரிக்கர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பயந்தார்கள். "இன்று சந்திரன் பறக்கிறது. நாளை அணுகுண்டு வந்தால்?" என்று நடுங்கினார்கள். குண்டு விழுந்தால் மேஜைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது என்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த காலம் அது.

அந்தச் சமயத்தில் ஒரு புயல் இரவு. மெயின் மாகாணத்தின் கடலோரத்தில் வானத்திலிருந்து ஏதோ வந்து விழுகிறது. அது ஓர் எந்திர மனிதன். மரங்களுக்கு மேலே தலை தெரியும் உயரம். இரும்புதான் அதற்குச் சாப்பாடு!

அந்த ஊரில் ஹோகார்த் என்ற சிறுவன் இருக்கிறான். வீட்டில் அவனும் அம்மாவும்தான். அம்மாவுக்கு ஓட்டலில் பரிமாறும் வேலை. ஓர் இரவு அவள் வேலையிலிருந்து திரும்பவில்லை. பையன் தனியாக இருக்கிறான். காட்டில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்க்கிறான்.

அங்கே மின்சாரக் கம்பிகளில் சிக்கி ராட்சதன் துடித்துக்கொண்டிருக்கிறான். ஓடிப்போயிருக்கலாம். ஆனால் பையன் அவனை அப்படியே விட்டுப் போகவில்லை. தேடிப் பிடித்து மின்சாரத்தை நிறுத்துகிறான்.

பிறகு இருவருக்கும் நட்பு உண்டாகிவிடுகிறது.

மான் சொன்ன பாடம்

ராட்சதன் விழுந்த வேகத்தில் தலையில் அடிபட்டவன். தான் யார் என்பது அவனுக்கே தெரியாது. பையன்தான் அவனுக்கு வார்த்தைகளைச் சொல்லித் தருகிறான். பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவர் அவனை ஒளித்துவைக்க இடம் கொடுக்கிறார்.

ஒருநாள் காட்டில் ஒரு மான் நிற்கிறது. ராட்சதன் மெதுவாகக் குனிந்து விரலை நீட்டுகிறான். மான் பயப்படவில்லை. பிறகு அது புதருக்குள் போய்விடுகிறது. சிறிது நேரத்தில் துப்பாக்கிச் சத்தம்! வேட்டைக்காரர்கள் அதைச் சுட்டுவிட்டார்கள்.

விழுந்து கிடக்கும் மானை ராட்சதன் தொட்டுப் பார்க்கிறான். அது எழுந்திருக்கவில்லை. ஏன் எழவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை. சாவு என்றால் என்ன என்பதை அந்தச் சின்னப் பையன் அவனுக்கு எடுத்துச் சொல்கிறான்.

படத்தில் இது சில நிமிஷங்கள்தான். ஆனால் பார்க்கிறவர்களின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகுதான் பெரிய அதிர்ச்சி காத்திருக்கிறது. பையன் விளையாட்டுத் துப்பாக்கியை நீட்டுகிறான். உடனே ராட்சதனின் கண்ணிலிருந்து நெருப்புக் கதிர் பாய்கிறது! மயிரிழையில் பையன் தப்புகிறான்.

ராட்சதனே ஒரு துப்பாக்கிதான்! போர் செய்வதற்காக யாரோ செய்து அனுப்பிய ஆயுதம் அவன். அது தெரிந்ததும் அவன் வெட்கத்தோடும் வேதனையோடும் விலகி ஓடுகிறான்.

பையனோ அவனை விடுவதாக இல்லை. யாராக வாழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவன் நீதான் என்கிறான். உன்னைச் செய்தவன் எதற்குச் செய்தான் என்பது முக்கியம் அல்ல. நீ என்ன செய்யப் போகிறாய்? அதுதான் கேள்வி.

இதற்குள் அரசாங்க அதிகாரி ஒருவர் மோப்பம் பிடித்துவிடுகிறார். அவர் கொடியவர் என்பதைவிடப் பயந்தவர் என்பதே பொருத்தம். தனக்குத் தெரியாத எதையும் அழித்துவிட வேண்டும் என்பவர் அவர். ராணுவம் வருகிறது. பீரங்கிகள் முழங்குகின்றன. அதிகாரி பதற்றத்தில் அணுகுண்டு ராக்கெட்டை ஏவச் சொல்லிவிடுகிறார். ராட்சதனைக் குறிபார்த்து அது கிளம்புகிறது. ராட்சதன் நிற்பதோ ஊருக்கு நடுவில்!

ஊரில் அத்தனை பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள். பிறகு என்ன நடந்தது?

மீதியைத் திரையில் காண்க!

கண்ணீரில் பிறந்த கதை

இந்தக் கதைக்கு மூலம் ஒரு சிறுவர் புத்தகம். இங்கிலாந்துக் கவிஞர் டெட் ஹியூஸ் எழுதியது. 1968-ம் ஆண்டு வெளிவந்தது. அவருடைய பிள்ளைகள் இருவரும் 1963-ம் ஆண்டில் தாயை இழந்தவர்கள். உடைந்து சிதறினாலும் தன்னைத் தானே ஒன்றுசேர்த்துக்கொண்டு எழுந்து நிற்கும் இரும்பு மனிதனைப் பற்றிய கதை அது. தாயில்லாப் பிள்ளைகளுக்கு இதைவிட ஆறுதலான கதை வேறு என்ன வேண்டும்?

படத்தை டைரக்ட் செய்தவர் பிராட் பேர்ட். அவர் மனதிலும் ஆறாத புண் இருந்தது. அவருடைய உடன்பிறந்த சகோதரி துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டவர். சுட்டது வேறு யாரும் அல்ல; அவருடைய கணவர்தான்!

துப்பாக்கிக்கு மனம் இருந்தால் என்ற கேள்வி பேர்டுக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா? அவர் அந்தத் துக்கத்தைக் கோபமாக்கவில்லை. குழந்தைகளுக்கான படமாக்கினார். டெட் ஹியூஸுக்கும் தம் சகோதரிக்கும் படத்தைக் காணிக்கையாக்கினார். ஹியூஸ் 1998-ம் ஆண்டு காலமாகிவிட்டதால், முடிந்த படத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு சுவையான செய்தி. மனிதர்களையும் மரங்களையும் ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். ராட்சதனை மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். கம்ப்யூட்டர் போட்ட கோடு அளவுக்குமீறி நேராக இருந்தது. மற்றச் சித்திரங்களோடு ஒட்டவில்லை. ஆகவே கை நடுங்கிப் போட்ட கோடுபோல் அதைக் கொஞ்சம் நெளியவைத்தார்கள்!

பெட்டிக்குள் போன படம்

இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

படத்தைத் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ் கம்பெனி. அதற்கு முந்தின ஆண்டு அந்தக் கம்பெனி வெளியிட்ட ஒரு கார்ட்டூன் படம் நஷ்டத்தில் முடிந்தது. அதனால் அவர்களுக்குக் கார்ட்டூன் படங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டது. விளம்பரம் போதிய அளவு செய்யவில்லை. இப்படி ஒரு படம் வந்திருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

1999-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி படம் அமெரிக்காவெங்கும் வெளியாயிற்று. அதே நாளில் "சிக்ஸ்த் சென்ஸ்" என்ற ஆவிப் படமும் வெளியாயிற்று. அதை டைரக்ட் செய்தவர் புதுச்சேரியைச் சேர்ந்த மாகியில் பிறந்த நைட் சியாமளன். அந்தப் படத்துக்குக் கூட்டம் அலைமோதியது. இரும்பு ராட்சதனுக்கோ உலகம் முழுவதும் சேர்த்து 3 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகத்தான் வசூல். செலவுக்கே அது காணவில்லை.

ஆனால் படம் சாகவில்லை. வீடியோவிலும் டெலிவிஷனிலும் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பெற்றோரும் பார்த்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சொல் பரவியது. 2015-ம் ஆண்டு இரண்டு காட்சிகளைச் சேர்த்து மறுபடியும் தியேட்டரில் திரையிட்டார்கள். பிராட் பேர்ட் பிற்காலத்தில் எடுத்த இரண்டு கார்ட்டூன் படங்களுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

குழந்தைகளோடு பாருங்கள்

படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ராட்சதன் பேசுவது சில வார்த்தைகள்தான். மற்றதை எல்லாம் அவன் கண்கள் பேசுகின்றன.

ஒன்று மட்டும் கவனியுங்கள். சின்னஞ்சிறு குழந்தைகள் மான் காட்சியில் அழுதுவிடக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். "மான் ஏன் எழுந்திருக்கவில்லை?" என்று கேட்டால், வாயை மூடச் சொல்லாதீர்கள். படத்தில் அந்தப் பையன் பதில் சொல்லவில்லையா? நீங்களும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

"அவன் பிறவியே அப்படி. அவன் திருந்தவே மாட்டான்" என்று நாம் சிலரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். சில சமயம் நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றியே சொல்கிறோம், அதுவும் அவன் காதில் விழும்படி!

சுடுவதற்காகவே செய்யப்பட்ட ஓர் இரும்பு எந்திரம் சுடாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சின்னப் பையன். அவனிடம் ஆயுதம் இல்லை, படையும் இல்லை. "நீ நல்லவனாக இருக்கலாம்" என்று அவன் நம்பினான். அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளிடமும் அப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே!