கொழுகொம்பும் தக்காளியும்

முன்னுரை

கொடிக்குக் கொம்பு நாட்டுதல் தமிழர்க்குத் தொன்றுதொட்டுப் பழகிய செயலாகும். பற்றுவதற்கு ஒன்றுமின்றிக் காற்றில் அலைந்த முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற பறம்பின் வேந்தன் பாரியைச் சங்க இலக்கியம் போற்றுகின்றது. கொடி பற்றிப் படரும் கொம்பினைக் 'கொழுகொம்பு' என்னும் சொல்லால் நம் முன்னோர் குறித்தனர். ஆதரவிழந்தோரைக் கொழுகொம்பற்ற கொடி என உவமித்தலும் மரபாயிற்று. இலக்கிய வகுப்பில் நாம் அடிக்கடி கேட்கும் இச்சொல்லைச் சற்றே தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, செஞ்சி வட்டாரம் போன்ற செம்மண் பகுதியில் தக்காளிச் செடிக்குக் கையால் செய்த மரக்கொம்பு எவ்வாறு துணையாகும், அத்துணை எங்கு வேண்டும், எங்கு வேண்டா என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தக்காளியின் வரவு

தக்காளி நம் மண்ணிற் பிறந்ததன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதி அதன் தாயகம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் அதனைப் பயிராக்கினர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே ஐரோப்பாவை அடைந்து, பின்னர் போர்த்துக்கீசியர் வாயிலாக இந்தியக் கரைக்கு வந்தது. எனினும் 'தக்காளி' என்னும் பெயர் நம்முடையதே. மணத்தக்காளி முதலிய சிறு செடிகளுக்கு வழங்கிய பெயரையே புதிதாய் வந்த பழத்திற்கும் தமிழர் சூட்டினர். கடல் கடந்து வந்தமை தோன்றச் 'சீமைத்தக்காளி' எனவும் அழைத்தனர். இன்று அது இல்லாத குழம்பும் இரசமும் அரிது.

செடியின் இயல்பு

கொடிகள் யாவும் ஒரே முறையில் ஏறுவதில்லை. அவரை தன் தண்டினாலேயே கொம்பைச் சுற்றிக்கொள்ளும். பாகல், புடல், பீர்க்கு ஆகியன சுருள் கம்பி போன்ற பற்றிழைகளால் பந்தலைப் பிடித்துக்கொள்ளும். தக்காளிக்குச் சுற்றும் தண்டும் இல்லை. பற்றும் இழையும் இல்லை. அது இயல்பில் நிலத்தில் சாய்ந்து படரும் செடி. தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டு மேலும் படர்வது அதன் வழக்கம். காட்டில் அது குற்றமன்று. உழவன் விரும்பும் பெரிய பழங்களைச் சுமக்கும்போதே அது குறையாகின்றது. ஆகவே தக்காளிக்குக் கொம்பு நாட்டினால் மட்டும் போதாது. செடியைக் கொம்போடு கட்டவும் வேண்டும்.

கட்டாது விட்டால் நேர்வது யாது? விழுப்புரம் மாவட்டம் தன் மழையின் பெரும்பகுதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகின்றது. அக்காலத்தில் ஈரமண்ணிற் கிடக்கும் பழம் அழுகும். நத்தையும் புழுவும் அரிக்கும். மழைத்துளி தெறிக்கும் மண்ணோடு பூஞ்சண வித்துகள் அடியிலைகளில் ஒட்டி இலைக்கருகல் நோயைத் தோற்றுவிக்கும். செடி நிமிர்ந்து நின்றால் காற்று ஊடே புகும்; இலை விரைவில் உலரும்; பழம் தூய்மையாய் இருக்கும்; மருந்து தெளிப்பதும் பறிப்பதும் எளிதாகும்.

எவ்வகைக்கு எக்கொம்பு

தக்காளியில் இருவகை உண்டு. குறிப்பிட்ட உயரம் வளர்ந்து, நுனியிற் பூத்து, வளர்ச்சி நின்றுவிடுவது ஒருவகை. உள்ளூர் வகையான அண்ணஞ்சியிலிருந்து உருவாக்கப்பட்ட 'பெரியகுளம் 1' இவ்வகையைச் சார்ந்தது. புதர்போல் நிற்கும் இதற்கு உயர்ந்த கொம்பு வேண்டா. மழைக்காலத்தில் சாயாதிருக்க முழங்கால் உயரத் தாங்கல் இருந்தாலே போதும். நுனி நில்லாது வளர்ந்துகொண்டே செல்வது மற்றொரு வகை. இதற்குக் கொம்பு இன்றியமையாதது. வீரிய ஒட்டுத் தக்காளிக்கு நட்ட 30 நாள்களில் 1 முதல் 1½ மீட்டர் உயரமுள்ள கொம்பு நாட்டித் தாங்கல் தரவும், தரையிலிருந்து 20 செ.மீ. உயரம் வரையுள்ள பக்கக் கிளைகளை நீக்கவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கின்றது.

மரத்தின் தேர்வு

கொம்பிற்குக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. மூங்கிலும் சவுக்கும் நேரானவை, நெடுநாள் நிற்பவை. துவரை அறுவடைக்குப்பின் எஞ்சும் மிளாறு ஒரு பருவத்திற்குப் போதுமானது. ஏரிகளையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்ட வேலிக்காத்தானும் தக்காளியைப் போன்றே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். பெருந்தொல்லையாகிவிட்ட அம்மரத்தை வெட்டி, முள்ளைச் சீவினால் அதன் கிளை உறுதியான கொம்பாகும்.

நொச்சியைப் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். மதிலைக் காத்து நிற்கும் வீரர் சூடியது நொச்சி. மதிலை முற்றுவோர் சூடியது உழிஞை. இவ்விரு திணைகளையும் மாணவர்க்கு விளக்கச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படை முற்றியிருந்த கோட்டை அன்றோ இது! அந்நொச்சியின் மெல்லிய நீண்ட கோல்கள் கூடைக்கும் படலுக்கும் பயன்படுவது போலவே சிறு தக்காளிச் செடிக்கும் தாங்கலாகும்.

ஒன்றை மறத்தலாகாது. நொச்சி, பூவரசு, கிளுவை, முருங்கை போன்றவற்றைப் பச்சையாக நட்டால் அவை வேர்விட்டுத் துளிர்க்கும். தாங்க வந்த கொம்பே செடியின் நீரையும் உரத்தையும் பங்குகொள்ளும். ஆகையால் பட்டையை உரித்து, நன்கு உலர்த்திய பின்னரே நாட்டவேண்டும்.

செய்முறை

ஐந்தடி நீளமும் பெருவிரற் பருமனும் உள்ள கோலைத் தெரிந்து, அடிமுனையைக் கூராக்குக. மண்ணிற் புதையும் ஓரடிப் பகுதியை நெருப்பில் வாட்டி மேற்பரப்பைக் கருக்கினால் கரையானும் ஈரமும் அணுகுவது ஓரளவு குறையலாம். வீட்டுத் தோட்டத்தில் நாற்று நடும் நாளிலேயே கொம்பையும் நாட்டிவிடுதல் நலம். வேர் பரந்தபின் நாட்டினால் வேர் அறுபடும். தண்டிற்கும் கொம்பிற்கும் நான்கு விரல் இடைவெளி விடுக. காற்று வீசும் பக்கத்தில் கொம்பு நின்றால் செடி அதன்மேல் மோதி உராயாது.

கட்டுவதற்கு வாழைநாரும் சணலும் ஏற்றவை. நாரைக் கொம்பில் இறுக்கியும் தண்டில் தளர்த்தியும், இடையில் ஒருமுறை முறுக்கி, 8 என்னும் எண்ணின் வடிவில் கட்டுக. தண்டு பருக்க இடம் இருக்கவேண்டும். செடி ஒரு சாண் வளருந்தோறும் ஒரு கட்டு போதும்.

புதர்வகைக்குக் கூண்டு சிறந்தது. நான்கடிக் கோல்கள் நான்கினை ஒன்றரையடிச் சதுரமாக நாட்டி, குறுக்குக் குச்சிகளை மூன்று அடுக்காகக் கயிற்றால் பிணைத்தால் கூண்டு ஆயிற்று. ஆணி வேண்டா. செடி அதனுள் தானே சாய்ந்து நிற்கும்.

நில்லாது வளரும் வகையில் இலைக்கக்கத்தில் தோன்றும் கிளைத் துளிர்களைக் கிள்ளுதல் வழக்கம். நம் வெயிலில் இதனை மிகுதியாகச் செய்தலாகாது. இலையின் நிழல் குறைந்தால் பழத்தின் தோல் வெந்து வெளுக்கும். பருவம் முடிந்ததும் கொம்புகளைப் பிடுங்கிக் கழுவி வெயிலில் உலர்த்துக. வாடல் நோய் கண்ட பாத்தியின் கொம்பினைக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ மீண்டும் பயன்படுத்துதல் தீது. அவை யாவும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

உழவரின் கணக்கு

வீட்டில் பத்துச் செடி வளர்ப்போர்க்குக் கொம்பு ஒரு செலவன்று. வயலில் நிலை வேறு. வரிசைக்கு 60 செ.மீ., செடிக்கு 45 செ.மீ. என இடைவெளி விட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் வரும். செடிக்கொரு கொம்பு என்பது ஏழை உழவர்க்கு இயலாது. வரிசை இடைவெளியை 120 செ.மீ. ஆக்கி, வரிசையில் 3 மீட்டருக்கு ஒரு கொம்பு நாட்டி, இடையே கயிறு இழுத்துச் செடிகளை அதிற் கட்டினால் ஏறத்தாழ 1,125 கொம்புகளே போதும். வரிசையின் இருமுனைகளில் மட்டும் பருத்த கம்பம் வேண்டும்.

இச்செலவும் தகுமா என்னும் வினா எழும். தக்காளி விலை நிலையற்றது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது, தமிழக அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. பிறிதொரு பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடும் நிலையும் வருகின்றது. விலை வீழ்ந்த நாளில் கொம்பு உழவரைக் காக்காது. மழையால் வரத்துக் குறைந்து விலை ஏறும் நாளில், அழுகாத பழம் யாரிடம் உள்ளதோ அவருக்கே அவ்விலை கிட்டும். கொம்பு தரும் ஊதியம் அதுவே. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரைகடந்து விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிய ஃபெஞ்சல் போன்ற புயலுக்கு எக்கொம்பும் ஈடாகாது. ஆண்டுதோறும் பெய்யும் மழைக்கு அது போதும்.

முடிவுரை

தக்காளி தானாகப் பற்றி ஏறாத செடி. கொம்பும் கட்டும் சேர்ந்தே அதனைக் காக்கின்றன. வகையறிந்து கொம்பின் உயரத்தையும், மரமறிந்து அதன் பக்குவத்தையும், நிலமறிந்து எண்ணிக்கையையும் முடிவு செய்யவேண்டும். இதற்கு வேண்டிய பொருள்கள் செஞ்சி வட்டாரத்து ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் கிடைக்கின்றன. சிற்றூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அடுத்த மழைக்கு முன்னர்த் தம் வீட்டுப் பின்புறத்தில் நான்கு செடிகளைக் கொம்பில் கட்டியும், நான்கினைக் கட்டாது விட்டும் வளர்த்துப் பார்ப்பாராக. பறித்த பழங்களை நிறுத்துப் பார்த்தால், கொழுகொம்பு என்னும் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெற்றெனப் புலப்படும்.