வாங்குவோர் அறம்

வாணிகர்க்குரிய அறத்தை வள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துக் கூறினார். வாங்குவோர்க்கும் அதுவே அறம் என்பது என் துணிபு.

1970களின் முற்பகுதியில், இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் கமக்காரர் இல்லங்களைத் தழைக்கச் செய்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அயல்நாட்டுச் சரக்கு மலிந்தது. தோட்டச் செய்கை நலிந்தது. மலிவென்று நாம் மகிழ்ந்த விலையின் மீதியைக் கமக்காரரே செலுத்தினர்.

ஆயினும், உள்ளூர் விளைவு என்பதொன்றே அறமாகிவிடாது. அளவிறந்து இட்ட யூரியா சுண்ணக்கற் பாறையூடே இறங்கி, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளது. ஆதலால் என் மாணாக்கர்க்கு யான் கூறுவது இதுவே: எங்கே விளைந்தது, எவ்வாறு விளைந்தது, விளைத்தவர் கைக்கு என்ன சேர்ந்தது என்னும் மூன்றையும் வினவி வாங்குக.