டெல்லியிலிருந்து டெல்ஃபிக்கு

"டெல்ஃபி போய்விட்டு வந்தோம்" என்று சொன்னால் எதிர் வீட்டு மாமி, "டெல்லியில்தானே இருக்கிறீர்கள், புதிதாக எங்கே போய்விட்டு வந்தீர்கள்?" என்கிறார். நாலு பேருக்கு விளக்கம் சொல்லி அலுத்துப் போனதால், எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்தேன். நாங்கள் போனது கிரீஸ் நாட்டில், பர்னாசஸ் மலைச்சரிவில் இருக்கும் டெல்ஃபிக்கு.

2023 ஜூன் மாதம், பிள்ளைகளின் கோடை விடுமுறையில் கிளம்பினோம். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், எட்டாம் வகுப்பு மகன், 78 வயது மாமனார் என்று ஐந்து பேர். முழங்கால் வலியோடு மாமாவை அழைத்துப் போவதா என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. "திருச்செங்கோட்டுக்கே நான் அடிவாரத்தில் உட்காருகிறவன்தானே, அங்கேயும் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெட்டியில் முதலில் வைத்தது சின்ன ரைஸ் குக்கர். (சிரிக்காதீர்கள். அந்த ஊர்த் தயிர் கட்டித் தயிர். தயிர்சாதத்துக்கு அதைப்போல் கிடையாது.)

ஏதென்ஸைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெயிலில் நம் டெல்லிக்குக் குறைந்ததல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கிருந்து வாடகைக் காரில் வடமேற்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டிய ஊர். என் கணவர் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. தீப்ஸ், லிவாதியா கடந்ததும் மலை தொடங்கியது. வளைவுக்கு வளைவு மகன் வாந்தி எடுக்க, ஒரு வழியாக அராஹோவா என்ற மலையூரில் இறங்கினோம். சுமார் 950 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆடக் கூட்டம் அலைமோதுமாம். ஜூனில் கடை வாசலில் கம்பளிகளைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டின் கூரைக்கு மேல் அடுத்த வீட்டின் வாசல் என்று அடுக்கடுக்கான கல் வீடுகள். தெரு என்று நாம் நினைத்தது திடீரென்று படிக்கட்டாகிவிடும். வெண்டைக்காய் கிடைக்காவிட்டாலும், தக்காளிக்குள் சோறு அடைத்துச் சுட்டதும், பெரிய வெள்ளை மொச்சை போன்ற ஒரு பயறும் கிடைத்தன. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலை பத்து கிலோமீட்டர் தள்ளி டெல்ஃபி. தலைக்கு மேல் செங்குத்தான பாறைச் சுவர். காலடியில் கடல் வரை இறங்கிப் போகும் ஆலிவ் தோப்பு. நடுவில் தொங்குவதுபோல் இடிபாடுகள். இங்கேதான் அப்பல்லோ கோயிலில் ஒரு பெண் பூசாரி அருள்வந்து குறி சொல்வாளாம். போர் தொடுக்கலாமா, புது ஊர் அமைக்கலாமா என்று அரசர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் பாரசீகத்தின்மேல் படையெடுக்கலாமா என்று கேட்டானாம். எடுத்தால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று பதில் வந்தது. மகிழ்ந்து போனவன் அழித்தது தன் பேரரசைத்தான். கோயிலில் பொறித்திருந்த மூன்று அறிவுரைகளில் 'உன்னை அறிவாய்' என்பது உலகப் புகழ் பெற்றது. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: ஜாமீன் நின்றால் கேடு வரும் என்பது. இதை என் கணவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாமா ஆதென்ஸ்காரர்கள் கட்டிய சிறிய கருவூலம் வரை ஏறி, ஒரு நிழலில் உட்கார்ந்துவிட்டார். பேரனிடம், "நீ மேலே போய் எத்தனை தப்படி என்று எண்ணி வந்து சொல்லு, நான் போனதாக வைத்துக்கொள்கிறேன்" என்றார். அவனும் எண்ணிக்கொண்டே ஏறினான். கோயிலில் தூக்கி நிறுத்திய ஆறு தூண்கள், ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம், உச்சியில் ஓட்டப்பந்தய மைதானம் எல்லாம் பார்த்தோம். கோயில் மேடையைத் தாங்கும் சுவரில் பொடி எழுத்துகள். பெரும்பாலும் அடிமைகளை விடுதலை செய்த பத்திரங்கள் என்று மகள் கையேட்டைப் பார்த்துச் சொன்னாள். அரசர்களின் கதையைவிட எனக்கு அந்தச் சுவர்தான் மனதில் நிற்கிறது.

இறங்கி வந்து மாமாவின் அருகில் உட்கார்ந்தபோது அவள் தொடர்ந்து படித்தாள். இந்த இடிபாடுகளின் மேல் கஸ்த்ரி என்று ஒரு கிராமமே இருந்ததாம். தோண்டும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர்கள் கேட்க, கிரீஸ் அரசு தன் உலர்திராட்சைக்குப் பிரான்சில் தீர்வையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியதாம். கடைசியில் 1892-ல், கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கச் சிப்பாய்களின் காவலோடு வேலை தொடங்கியது. கிராமத்தை அப்படியே பெயர்த்து மேற்கே தள்ளி வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் எல்லோரும் வியக்கும் தேரோட்டியின் வெண்கலச் சிலை கிடைத்தது 1896-ல்.

"அந்தச் சனமெல்லாம் எங்கே போச்சு?" என்றார் மாமா. அதுவரை கோயில், தூண் எதைப் பற்றியும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போன காவிரிக்கரைக் கிராமங்களில் ஒன்று அவருடைய அப்பாவின் ஊர். மாமா பிறந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் யார் ஊர் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார். கோடையில் நீர் வற்றினால் பண்ணவாடியில் பழைய சிவன் கோயில் நந்தியும், மாதா கோயில் கோபுரமும் தலை காட்டும். சின்ன வயதில் அவருடைய அப்பா கரையில் நிறுத்திக் கை நீட்டிக் காட்டுவாராம்.

"நம் ரைசினாக் குன்றிலும் ஒரு கிராமம் இருந்தது அப்பா, அதைக் காலி செய்துதானே புதுடெல்லி கட்டினார்கள்" என்றார் என் கணவர். மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

இன்றைய டெல்ஃபி ஊர் அந்தப் பெயர்ந்த கிராமம்தான். இராத்திரி சாப்பிட்ட கடையின் முதலாளிக்கு எழுபது வயதிருக்கும். மாமா விடவில்லை. மகளை நடுவில் வைத்து, "உங்கள் வீடு எங்கே இருந்தது?" என்று கேட்கச் சொன்னார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி கஸ்த்ரிக்கு மருமகளாக வந்தவளாம். ஊர் மாறிய பிறகும் பழைய இடத்துக்கு நடந்து போய், "இங்கேதான் என் அடுப்படி" என்று பேரப்பிள்ளைகளுக்குக் கோயில் பக்கத்தில் காட்டுவாளாம். "இப்போது என் அடுப்படியைப் பார்க்க என்னிடமே டிக்கெட் கேட்கிறார்கள்!" என்று சிரித்தார்.

மாமாவும் சிரித்தார். பிறகு, "உனக்காவது டிக்கெட் வாங்கினால் பார்க்கலாம். எங்களுடையது தண்ணிக்குள்ளே" என்றார். மகள் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய ஆலிவ் காய்களும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

திரும்பி வந்த சில மாதங்களில், 2023 அக்டோபரில், மேட்டூர் அணை நீர்மட்டம் வெகுவாக இறங்கியது. நந்தி தெரிகிறது என்று ஊரிலிருந்து போன் வந்ததும் மாமா டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். தசரா விடுமுறை என்பதால் பேரனும் கூடப் போனான். நந்தியிலிருந்து எந்தத் திசையில் எத்தனை தப்படி என்று அவருடைய அப்பா சொல்லிவைத்த கணக்கு மாமாவிடம் இருந்தது. வெடித்த சேற்றில் அவரால் நடக்க முடியவில்லை. கல்லில் உட்கார்ந்துகொண்டு பேரனை அனுப்பினார். அவன் சத்தமாக எண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று கையைத் தூக்கினானாம்.

"வீட்டு அடையாளம் ஏதாவது இருந்ததா?" என்று போனில் கேட்டேன்.

"ஒன்றும் இல்லை அம்மா. யாரோ சோளம் விதைத்திருக்கிறார்கள். தாத்தா மிதிக்காமல் வா என்று கத்தினார்" என்றான்.